வடக்கே அலை, தெற்கே படகு: செயின்ட் ஜான் நாட்குறிப்பு

பிப்ரவரி 17, 2024, சனி

செயின்ட் ஜான் தீவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. நியூவார்க்கிலிருந்து 4 மணி நேரத்தில் செயின்ட் தாமஸ், டாக்ஸி பிடித்து அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் ரெட் ஹுக், பிறகு ஃபெர்ரியில் 20 நிமிடம். கரீபியனில் எத்தனையோ தீவு இருக்க இது ஏன் என்று கேட்டவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எச்1பி, அமெரிக்காவில் எங்கள் வேலை விசா. இது அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளில் ஒன்று என்பதால், திரும்பிப் போகப் புது விசா முத்திரை குத்திக்கொள்ளும் ஸ்டாம்பிங் தலைவலி கிடையாது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வர முடிந்தது.

இங்கே வண்டிகள் ஊரைப் போலவே சாலையின் இடது பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஸ்டீயரிங்கும் இடது பக்கமே இருக்கிறது! கணவர் ஜீப்பை எடுத்த முதல் அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வழியில் சார்லட் அமாலியாவில் சிவப்புச் சுவரோடு ஒரு கோட்டை. ஃபோர்ட் கிறிஸ்டியன், டேனிஷ்காரர்கள் 1680இல் கட்டி முடித்தது. அதைப் பார்த்ததும் மாமா டாக்ஸியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக் கோட்டை சைக்கிளில் போய்வருகிற தூரம். அந்தக் கோட்டையும் இந்தக் கோட்டையும் ஒரே ராஜாங்கத்தினுடையவை. தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். இந்தத் தீவுகளை 1917இல் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார்கள். "வாங்குறதும் விக்கிறதுமாவே இருந்திருக்கானுங்க" என்றார் மாமா. இங்கே அவர்கள் மனிதர்களையே அல்லவா வாங்கி விற்றார்கள்! கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் 1733இல் இதே செயின்ட் ஜானில் கிளர்ந்தெழுந்து, மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதியைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் படை வந்துதான் அடக்க முடிந்தது.

இன்னொன்று. இங்கே கடைக்குள் போனதும் முதலில் "குட் ஆஃப்டர்நூன்" சொல்ல வேண்டும். சொல்லாமல் "தண்ணீர் பாட்டில் எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் பதில் வராது. நல்ல பழக்கம். நியூஜெர்சிக்குக் கொஞ்சம் ஏற்றுமதி செய்யலாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை படகுப் பயணம். அதற்கு முன்னால் கரையிலேயே பழகிக்கொள்ளலாம் என்று ட்ரங்க் பே போனோம். தீவின் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. அமெரிக்கக் கோடீஸ்வரர் லாரன்ஸ் ராக்ஃபெல்லர் நிலத்தை வாங்கிக் கொடுக்க, 1956இல் உருவானது. அதனால்தான் இந்த அழகான கடற்கரையில் ஒரு ஹோட்டல்கூட இல்லை.

கடலுக்கடியில் வழிகாட்டிப் பலகைகள் பதித்த பாதை ஒன்று இங்கே உண்டு, சுமார் 200 மீட்டர் நீளம். பலகையைப் படிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. மகனுக்கு ஒய்எம்சிஏ நீச்சல் குளம் பழக்கம். மாமா ஆற்றில் குதித்து வளர்ந்தவர், 68 வயதிலும் கை வீசி நீந்துகிறார். ஆனால் மாஸ்க் போட்டதும் அவருக்குத் தகராறு. "மூக்கை மூடிட்டா மனுஷன் எப்படிம்மா மூச்சு விடுறது?" வாயால் விடலாம் மாமா என்றால் நம்பவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலில் ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. மாமாவின் மீசை அப்படி லேசில் அடங்குகிற மீசை இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அலை கூடிவிட்டது. காற்று அதிகமில்லை, வானம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கரையில் வந்து மோதுகிற அலை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. மணல் கிளம்பித் தண்ணீர் பால் நிறமாகிவிட்டது. தூரத்தில், வட அட்லாண்டிக்கில் எங்கோ அடிக்கிற குளிர்காலப் புயலின் அலை இது என்று பூங்கா ஊழியர் சொன்னார். அங்கே புயல் அடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அலை இங்கே வந்து சேருமாம்.

கரையோரம் சில மரங்களில் எச்சரிக்கைப் பலகை கட்டியிருக்கிறார்கள்: மான்சினீல். சின்னப் பச்சை ஆப்பிளாகக் காய்க்கும், தின்றால் ஆபத்து. மழையில் அந்த மரத்தடியில் நின்றாலே சொட்டுகிற பால் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும். மகனிடம் மூன்று தடவை சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பிரெசிடெண்ட்ஸ் டே விடுமுறை, ஊரெல்லாம் கூட்டம். சாயங்காலம் படகின் கேப்டனிடமிருந்து செய்தி. மாஹோ பே, வாட்டர்லெமன் கே என்று பேசியிருந்த வடக்குப் பக்கம் நாளைக்குச் சரிவராது, தெற்கே லாமெஷூர் பக்கம் போகிறோம், சம்மதமா? கணவருக்கு முகம் வாடிவிட்டது. மாஹோ ஆமைகளைப் பற்றி ஒரு மாதமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சம்மதம் என்று பதில் போட்டேன். அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார், யூடியூப் பார்த்துவிட்டு நாம் என்ன சொல்வது?

பிப்ரவரி 20, செவ்வாய்

கை வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

எட்டரைக்குப் படகுத்துறை. கேப்டன் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, உதவிக்கு ஓர் இளைஞன். பயணிகள் நாங்கள் நால்வரும், விஸ்கான்ஸினிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியும். மொத்தம் 6. இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுச் சான்று இல்லாத சின்னப் படகில் பணம் கொடுத்து ஏறுகிறவர்கள் 6 பேருக்கு மேல் கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பொது விதி. அதனால் 'சிறு குழு' என்று விளம்பரம் செய்கிற படகுகள் இங்கே பெரும்பாலும் ஆறு பேர் படகுகள்தான்.

ஏறியதும் முதலில் சன்ஸ்கிரீன் சோதனை. ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரைலின் மூன்றும் பவளத்துக்குக் கேடு என்று 2020 முதல் இங்கே தடை. விஸ்கான்ஸின் அம்மாவின் டியூப் பைக்குள் திரும்பிப் போயிற்று. கேப்டன் கொடுத்த துத்தநாகக் களிம்பைப் பூசிக்கொண்டதும் எங்கள் குடும்பமே திருவிழாவுக்கு விபூதிப் பட்டை போட்டுக் கிளம்பியது மாதிரி ஆனோம்.

அப்புறம் மீசை. கேப்டன் மாமாவை ஒரு பார்வை பார்த்தார், வேஸலின் டப்பாவை நீட்டினார். மீசை மேல் தாராளமாகத் தடவி, அதன்மேல் மாஸ்க்கை அழுத்தினால் தண்ணீர் நுழையாதாம். மாமா முறுக்கிவிடுகிற பாவனையிலேயே தடவிக்கொண்டார். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க பேபி ஷாம்பூ ஒரு துளி.

கிரேட் லாமெஷூர் வளைகுடாவில் நங்கூரம் போடவில்லை. நங்கூரம் விழுந்தால் பவளம் நொறுங்கும், கடற்புல் பிய்ந்துவிடும். பூங்கா கட்டி வைத்திருக்கும் நீலப் பட்டை போட்ட வெள்ளை மிதவையில் கயிற்றை மாட்டினார்கள். வடக்கே அவ்வளவு ஆர்ப்பாட்டம், இங்கே தண்ணீர் அசையக்கூட இல்லை. நடுவில் நிற்கிற மலை அத்தனையையும் தடுத்துவிடுகிறது.

இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1969இல் நாசாவும் கடற்படையும் சேர்ந்து இங்கே சுமார் 15 மீட்டர் ஆழத்தில் ஒரு வீட்டை இறக்கின. டெக்டைட் என்று பெயர். நான்கு விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட இரண்டு மாதம் மேலே வராமல் அதில் இருந்தார்கள். சின்ன இடத்தில் அடைபட்டுக் கிடக்கும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று விண்வெளிப் பயணத்துக்காக நாசா கவனித்தது. அடுத்த வருடம் கடல் விஞ்ஞானி சில்வியா ஏர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட ஐவர் குழு இரண்டு வாரம் தங்கியது. அந்த வீடு இப்போது இல்லை. கேப்டன் இதைச் சொன்னது என்னைப் பார்த்து. ஏணியைப் பிடித்த கையை நான் அதுவரை விடவில்லை.

விட்டேன். மிதவைச் சட்டை உண்டு, கையில் ஆரஞ்சு நிற வளையம் உண்டு, வளையத்தின் கயிறு கேப்டன் கையில். அவர் இழுத்துக்கொண்டு நீந்தினார், நான் முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி பின்னால் போனேன். முதல் சில நிமிடம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது அடங்கினதும் வேறொரு சத்தம். நறுக், நறுக். கீழே ஒரு கிளிமீன், பச்சையும் ரோஜா நிறமுமாக, அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது தின்பது பாறை மேல் படர்ந்த பாசியை. கூடவே சுண்ணாம்பும் உள்ளே போய், அரைபட்டு, பின்னாலிருந்து ஒரு சின்ன மணல் மேகமாக வெளியே வந்தது. இங்கத்து வெள்ளை மணலில் நல்ல பங்கு இப்படித்தான் உண்டாகிறதாம். அதைக் கேட்டதும் மகன் சிரித்த சிரிப்பில் ஸ்நார்க்கெல் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது.

விசிறிப் பவளங்கள் ஊதா நிறத்தில் அசைந்துகொண்டிருந்தன. கணவாய்கள் ஆறேழு, வரிசை கலையாமல் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்தன, உடம்பில் நிறம் ஓடி ஓடி மாறியது. மேலே வந்ததும் மாமா முதலில் சொன்னது, "கணவாய் இவ்ளோ அழகா இருக்கும்னு தட்டுல பாக்கும்போது தெரியலயேம்மா." ஷீலா மீன் ஒன்று தனியாக அசையாமல் நின்று எங்களை எடை போட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் எல்லாமே அழகு என்று எழுதினால் பொய். கேப்டன் ஒரு மூளைப் பவளத்துக்கு மேலே நின்று கையைக் காட்டினார். பாதி பழுப்பு, அதன் மடிப்பு மடிப்பான கோடுகள் தெளிவாக இருந்தன. நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. அதற்கு அந்தப் பக்கம் பாசி மூடிய வெறும் கல். அந்த வெள்ளைப் பட்டைதான் நோய் நகர்கிற எல்லை. 2014இல் ஃப்ளோரிடாவில் கண்ட பவளத் திசு நோய் 2019இல் இந்தத் தீவுகளுக்கு வந்தது. நூறாண்டு வளர்ந்த பவளத்தைக்கூட சில வாரங்களில் தின்றுவிடும். மருந்து என்ன தெரியுமா? அமாக்சிசிலின். நம் வீட்டில் தொண்டை வலிக்குத் தருகிற அதே மருந்தைப் பசையில் குழைத்து, நோய் விளிம்பில் டைவர்கள் கையால் பூசுகிறார்கள். போதாதற்குப் போன வருடக் கோடையில் கடல் சூடேறி வெளுத்த பவளங்கள் சில இன்னும் நிறம் திரும்பவில்லை. பக்கத்திலுள்ள யாஸி முனையில் 1987 முதல் விஞ்ஞானிகள் வருடாவருடம் ஒரே இடத்தை அளந்து வருகிறார்கள். அன்றிருந்த உயிர்ப் பவளத்தில் இன்றைக்குச் சிறு பங்குதான் மிச்சம். சின்ன வயதில் இதே இடத்தில் பவளக் கிளைகளுக்கு நடுவே நுழைய முடியாமல் சுற்றிப் போவாராம் கேப்டன். இன்றைக்கு என்னை நேராகவே இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது நிறுத்தம் சால்ட் பாண்ட் பே. கடற்புல் தரையில் ஒரு பச்சை ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. தொடக் கூடாது, துரத்தக் கூடாது, மூச்சு விட மேலே வரும்போது வழியில் நிற்கக் கூடாது. சட்டமே இருக்கிறது. வாயில் நிறையப் புல், இரண்டு பக்கமும் தொங்குகிறது. முதுகில் ஒட்டுமீன் ஒன்று. சில நிமிடம் கழித்து மெதுவாக மேலே வந்து, தலையை நீட்டி ஒரு மூச்சு, திரும்பக் கீழே. கணவர் அத்தனை நேரமும் கேமராவை ஆன் செய்யவே இல்லை என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் லிட்டில் லாமெஷூர் மணலில் சாப்பாடு. உப்பு மீன் வைத்த பொரித்த பாட்டே, ஜானி கேக், அன்னாசி. ஜானி கேக் இனிப்பு பன்னாக இருக்கும் என்று நினைத்தேன். எண்ணெயில் பொரித்த மெத்தென்ற ரொட்டி. மாமா நான்கு சாப்பிட்டார். ரம் பஞ்ச் உண்டு, ஆனால் கடைசி முங்கலுக்குப் பிறகுதான், அதில் கேப்டன் கறார்.

திரும்பும்போது சுற்றுலாக் கப்பல் பயணிகளை ஏற்றிய பெரிய கேடமரான் படகு ஒன்று எங்களைக் கடந்தது. பாட்டு பலமாக இருந்தது. அதில் டிக்கெட் எங்களுடையதில் பாதி. நாங்கள் கொடுத்த காசு கொஞ்சமில்லைதான். ஆனால் நீச்சல் தெரியாத ஒருத்தியின் கயிற்றைக் கேப்டனே கையில் பிடித்துக்கொண்டு நீந்துவது ஆறு பேர் படகில்தான் நடக்கும். காற்று மாறினால் போகிற திசையை மாற்றிக்கொள்வதும் அதற்குத்தான் சுலபம்.

பிப்ரவரி 21, புதன்

தோள் வலி. முதுகில் களிம்பு படாமல் விட்ட ஒரு கை அகலம் மட்டும் எரிகிறது. நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 22, வியாழன்

அலை இறங்கிவிட்டது. ஜீப்பிலேயே மாஹோ பே போனோம். கரையிலிருந்து இறங்கி இருபது முப்பதடி போனாலே ஆமைகள். இங்கே புல்லுக்கும் ஒரு சண்டை. செங்கடல், இந்தியப் பெருங்கடல் பக்கத்துக் கடற்புல் ஒன்று 2002இல் கிரெனடாவில் முதலில் தலைகாட்டி, தீவு தீவாகப் பரவி இங்கேயும் வந்துவிட்டது. குட்டையான இலை, வேகமாகப் படரும். ஆமைகளுக்கு உள்ளூர்ப் புல்தான் பிடிக்கும் என்கிறார்கள்.

ஆமை இருந்ததே தவிர அதைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் செல்ஃபிக் குச்சியை அதன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். மாமா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவரைத் தமிழிலேயே ஒரு அதட்டு அதட்டினார். புரிந்துவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

செயின்ட் தாமஸ் விமான நிலையம். அமெரிக்க மண்தான், ஆனால் சுங்க எல்லைக்கு வெளியே. அதனால் கிளம்பும்போது இங்கேயே பாஸ்போர்ட் சோதனை, வரிசை கட்டிடத்துக்கு வெளியே வரை நீள்கிறது. எச்1பியில் இங்கே வருகிறவர்கள் அதன் ஒப்புதல் கடிதமான ஐ-797ஐ மறக்காமல் எடுத்து வாருங்கள், மூன்று மணி நேரம் முன்னால் வாருங்கள். பூங்காவிலிருந்து சங்கோ பவளத் துண்டோ எடுத்து வரக் கூடாது, மகனின் பாக்கெட்டை நானே இரண்டு முறை தடவிப் பார்த்தாயிற்று.

அதிகாரி மாமாவிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். "ஆமை" என்றார் மாமா, கையால் அளவும் காட்டினார். முத்திரை இல்லாமலே அனுப்பிவிட்டார்கள். இப்போது கேட் பக்கத்தில் உட்கார்ந்து, மீசைக்காரர்களுக்கென்று தனியாக மாஸ்க் விற்கிறார்களா என்று மகனை விட்டுத் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.