நாலாயிரமும் மூன்றாவது ஊசியும்

என் இரண்டாவது பெண் 2022 ஜனவரியில் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். ஒன்றரை மாதத்தில், தடுப்பூசி போடும் புதன்கிழமையன்று, முதல் பென்டா ஊசி; ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி அது. அன்று ராத்திரி காய்ச்சல், ஊசி போட்ட தொடை கல் மாதிரி வீக்கம், விடிய விடிய அழுகை. "இனிமே புள்ளைய அங்க தூக்கிட்டுப் போகாத" என்று அத்தை சொல்லிவிட்டார்.

இரண்டாவது ஊசிக்கு எப்படியோ சமாளித்துப் போய் வந்தேன். மூன்றாவதுக்குத்தான் பெரும்பாடு. மூன்றரை மாதத்தில் தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி, வலது கையில் ஒன்று, கூடவே போலியோ, ரோட்டா சொட்டு மருந்து. நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கக்குவான், தொண்டை அடைப்பான் என்று எடுத்துச் சொன்னார். அத்தை அசையவில்லை. போகும்போது, "மூணாவது டோஸ் போட்டாத்தாம்மா முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல நாலாவது தவணை நாலாயிரம் வரும்" என்றார்.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "புதன்கிழமையா?" என்று கேட்டார்.

கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் இந்த மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அப்போது பணம் ஐந்து தவணை. கடைசி இரண்டும் குழந்தையின் தடுப்பூசியைப் பொறுத்தவை.

ஊசி போட்டதும் பணம் வரும் என்று நம்பியது என் தப்பு. இரண்டு மாதம் பார்த்துவிட்டு விசாரித்தால், தாய் சேய் நல அட்டையில் தேதி இருக்கிறது, கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் அரசு கம்ப்யூட்டர் பதிவான பிக்மியில் ஏறவே இல்லை. கம்ப்யூட்டரில் ஏறாத ஊசி போடாத ஊசிதான். அட்டையின் நகலைக் கொடுத்து, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பதியச் சொன்னேன். அதற்கும் இரண்டு நடை. நீங்கள் ஊசி போட்ட அன்றே பதிவாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல். ஊசியன்று ஆட்டோவுக்குக் கொடுத்தேன், வீட்டுக்காரருக்கு ஒருநாள் கூலி போனது. அன்றைக்கு இருநூறு ரூபாய் கையில் கொடுத்திருந்தால்கூடப் பெரிய உதவி. பணம் வந்தபோது பாப்பா குப்புற விழுந்து தவழவே ஆரம்பித்திருந்தாள். ஆனாலும், என் பேச்சு எடுபடாத வீட்டில் அந்த நாலாயிரம் எனக்காகப் பேசியது, அதை மறுக்க மாட்டேன்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அதற்குக் கடைசித் தவணை இரண்டாயிரம். அந்தப் புதன்கிழமை நான் எழுந்திருப்பதற்குள் அத்தை பாப்பாவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தார். அட்டையும் அவர் மடியில்தான் இருந்தது.