பழைய புத்தக அறை: மார்கழி, தை நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் கார் நிறுத்தும் இடத்தைத் தகரத்தால் அடைத்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீடுகளில் யாரும் தொடாமல் கிடக்கும் புத்தகங்களை வாங்கி, தரம் பிரித்து, பழுது பார்த்து, கேட்பவர்களிடம் சேர்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. போகி நெருங்கும் இந்த வாரங்களில் வரத்து மிக அதிகம். பரண் ஒழிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சங்கடம் இருக்கிறது. புத்தகத்தை எடைக்குப் போட மனம் வருவதில்லை, வைத்துக்கொள்ள இடமும் இருப்பதில்லை. அந்தச் சங்கடத்தை அட்டைப்பெட்டியில் கட்டி எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, நிம்மதியாகப் போகிறார்கள்.

இன்று வந்தவற்றில் பெரும்பகுதி ஒரு வழக்கறிஞர் வீட்டுச் சட்ட நூல்கள். தடித்த அட்டை, தங்க எழுத்து, பார்க்க மிகக் கம்பீரமாக இருந்தன. ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா எடுத்துக்கொண்டுவிட்டதால், அந்தப் பழைய சட்டத்துக்கான விளக்கவுரைகளை ஒரு சட்டக் கல்லூரி மாணவரிடம் கொடுப்பது அவருக்கு உதவியாக இருக்காது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், வழக்காடும் இளம் வழக்கறிஞர் ஒருவருக்காக ஒரு தொகுதியை மட்டும் நிறுத்திக்கொண்டோம். மற்றவை கழிவு மூலைக்குப் போயின. அவற்றோடு, தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவு வழிகாட்டிகளும் போயின. 2019-இல் ஐந்தும் 2020-இல் மயிலாடுதுறையும் சேர்ந்து இன்று 38 மாவட்டங்கள் இருக்கும்போது, அந்தப் பக்கத்தை நம்பித் தேர்வு எழுதப் போகிறவரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து அளவுகள் அச்சிட்ட பழைய மருத்துவ நூல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதிதாக வந்திருக்கும் கல்லூரி மாணவிக்கு இதெல்லாம் மனதுக்கு ஒப்பவில்லை. “புத்தகத்தைப் போய்க் குப்பையில் போடலாமா அக்கா?” என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். “நாம போடலைன்னா, வாங்குற பள்ளிக்கூடம் போடணும். அந்தப் பாவத்தை அவங்க தலையில கட்டக் கூடாது” என்றார் அக்கா.

2025 ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையிலேயே தெருவில் புகை. டயரையும் நெகிழியையும் எரிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு போகிக்கும் அறிவிப்பு வருகிறது, எரிப்பவர்கள் எரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேற்றோடு நந்தனத்தில் புத்தகக் காட்சியும் முடிந்தது. அங்கே பை நிறையப் புதுப் புத்தகம் வாங்கியவர்களில் சிலர், அவற்றுக்கு இடம் ஒதுக்குவதற்காகவே பழையவற்றை இன்று கொண்டு வந்தார்கள் என்பது எங்கள் அறைக்குள் புழங்கும் கேலி.

கழிவு மூலையை எடுத்துப் போகப் பழைய பேப்பர் கடை அண்ணாச்சி வந்தார். புத்தகத்தை நேசிக்கிறவர்கள் எடைக்கடைக்காரரை ஏனோ கசாப்புக் கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நான் பழகியவரை, எங்களுக்கு நல்ல நூல்கள் வந்து சேரும் வழிகளில் அவர் கடையும் ஒன்று. சிறுவனாக மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் எடுபிடியாக இருந்தவர் அவர். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது அந்த வேலையும் போயிற்று. புத்தகத்தை எடை போடுகிற பக்கம் வந்துவிட்டார். ஆனால் அன்று பழகிய கண் அவரை விட்டுப் போகவில்லை. அட்டை கிழிந்த ஒரு நூலை எடுத்து, தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பே பின்பக்கத்து அச்சக முகவரியையும் பதிப்பு ஆண்டையும் பார்க்கிறார். இன்று மூட்டைக்குள் கையை விட்டு, நாங்கள் கழித்திருந்த ஒரு சித்த மருத்துவ நூலை வெளியே எடுத்து, “இத ஏன் சார் போட்டீங்க? இது மறுபடி அச்சுல வரல” என்று என் கையில் திருப்பிக் கொடுத்தார். பழைய சித்த மருத்துவ நூலுக்கும் பழைய ஆங்கில மருத்துவ நூலுக்கும் ஒரே அளவுகோல் செல்லாது என்று அவர் சொன்னது சரிதான். அடுத்த கூட்டத்தில் தரம் பிரிக்கும் விதிகளில் இதைச் சேர்க்க வேண்டும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

அசோக் நகரில் ஒரு வயதான அம்மாவின் வீடு. கணவர் மறைந்து சில மாதங்கள் ஆகின்றன. மகனுடன் வெளியூர் போகப் போகிறார். அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தவை, வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுதிகள். ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் நூலகம் சேர்த்தன. வியாழக்கிழமை இதழ் வந்தால், வீட்டில் எல்லோரும் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, தொடருக்குரிய பக்கங்களை மட்டும் கத்தியால் நறுக்கி, அத்தியாய வரிசையில் அடுக்கி, ஆண்டு முடிந்ததும் கலிகோ துணி ஒட்டித் தைக்கக் கொடுத்தார்கள். கடைசி அத்தியாயம் தவறிப்போன இடத்தில், இந்த அம்மாவின் கணவர் ரூல் போட்ட தாளில் முழு அத்தியாயத்தையும் மையால் கையெழுத்தில் எழுதிச் சேர்த்திருந்தார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி எழுதினாராம்.

இவை நூலாக வந்த கதைகள்தானே, கடையில் புதிதாகவே கிடைக்குமே என்று ஒருவர் கேட்கலாம். நூலில் இல்லாதவை இந்தத் தொகுதிகளில் இருக்கின்றன. கதைக்கு வரைந்த ஓவியங்கள், பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்ட சோப்பு விளம்பரங்கள், ‘தொடரும்’ என்று நிறுத்திய இடங்கள் ஆகியவை நூலாக்கும்போது உதிர்ந்துவிடுகின்றன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பிறர் காகிதம் என்று ஒதுக்கியவற்றை வாழ்நாள் முழுவதும் வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தத் திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுவே 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருவெடுத்தது. நூல்களோடு திருமண அழைப்பிதழும் நாடக நோட்டீசும் இருந்ததுதான் அந்தத் திரட்டின் பெருமை. ஆகவே இந்தத் தொகுதிகளைப் பள்ளிக்கோ வாசகசாலைக்கோ அனுப்பாமல், தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்கு முதலில் பட்டியல் அனுப்பிக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். புத்தகங்களின் முதல் பக்கத்தில் கணவர் எழுதிய பெயரைக் கிழித்துவிடலாமா என்று. பலர் இதைக் கேட்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கையில் பெயர் போவதில் ஒரு கூச்சம். முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தால் அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுகிறோம். வெறும் பெயராக இருந்தால் இருக்கட்டும் என்பது என் கட்சி. முதல் தாளைக் கிழித்தால் அந்த மடிப்பின் மறுபாதித் தாளும் தளர்ந்து, கொஞ்ச நாளில் கையோடு வந்துவிடும். இதைச் சொன்னபோது, “அப்படின்னா இருக்கட்டும்பா, அவர் பேர் ஒண்ணும் கெட்ட பேர் இல்லையே” என்று சிரித்தார்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

பழுது பார்க்கும் நாள். மைதா மாவைக் காய்ச்சும்போதே துளி மயில்துத்தம் கலந்தால் பசையைப் பூச்சி அண்டாது. பைண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நன்கொடையாளர்கள் செய்யும் பெரிய கொடுமை செலோடேப். கிழிந்த தாளில் ஒட்டிய டேப் சில ஆண்டுகளில் பழுப்பாகி உரிந்துவிடும், அதன் பசை மட்டும் எழுத்தின்மேல் நிரந்தரமாகத் தங்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் முள்ளைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, அதே துளைகளில் நூல் கோத்துத் தைப்பது நிதானமான வேலை. அதில் எனக்குக் கை வந்துவிட்டது. ராமபாணப் பூச்சி துளைத்தவற்றைத் தனிப் பையில் கட்டி வைத்தோம். ஒரு பெட்டிக்குள் அது நுழைந்தால் மற்ற பெட்டிகளுக்கும் வழி கண்டுபிடித்துவிடும்.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர்ப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே தலைமையாசிரியர் எங்களிடம் ஒரு தாளை நீட்டினார். ‘மெல்லிய நூல்கள், பெரிய எழுத்து, படங்கள், ஒரே பாட வேளையில் படித்து முடிக்கக்கூடியவை.’ இப்படித் தெளிவாகக் கேட்கிறவர்கள் அபூர்வம். பலர் எது கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நாங்கள் மிக நல்ல நிலையில் இருப்பதாக எண்ணிக் கொண்டுபோன ஒரு சிறுவர் கதை நூலை எடுத்து, இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். ‘யானை’ என்ற சொல்லில் ‘னை’ பழைய வடிவத்தில், எழுத்தின் தலையில் தும்பிக்கை வைத்ததுபோல் அச்சாகியிருந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வந்த நூல் அது. ஆசிரியர் கரும்பலகையில் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் எழுதிக் காட்டியதும், மற்ற குழந்தைகள் அதை ஒரு விடுகதையாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களில் தேடத் தொடங்கினார்கள். ஆசிரியர் கூடவே இருக்கும் வகுப்பறையில் அது விளையாட்டு. தனியாகப் படிக்க உட்காரும் குழந்தைக்கு அது முட்டுக்கட்டை. 1978-க்கு முந்தைய சிறுவர் நூல்களை இனி ஆசிரியர் கேட்டால் மட்டுமே தர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. அதே ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலில், ஒரு மாட்டு வண்டி நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. எங்களைப் போன்ற குழுக்கள் மூன்றாவது விதியில் மயங்கி, கையில் இருக்கும் நூலை எங்கேயாவது சேர்த்துவிடத் துடிக்கின்றன. தலைமையாசிரியரின் தாள் எனக்கு இரண்டாவதை எடுத்துச் சொன்னது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

கடந்த டிசம்பரில் பதிவு நூல் அஞ்சல் சேவை நிறுத்தப்பட்டதிலிருந்து, வெளியூருக்கு அனுப்பும் செலவு எங்கள் கைக்கு மீறிப் போய்விட்டது. இனி ஊருக்குப் போகிறவர்களின் காரிலும், பேருந்துப் பார்சலிலும்தான் அனுப்புவதாக இருக்கிறோம். 2023 புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு வைத்துக் கைதிகளுக்கு நூல் திரட்டியதிலிருந்து, சிறைகளுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். அதற்கும் முதலில் கேட்டு எழுத வேண்டும்; பெட்டி பிறகுதான்.

மாலையில் தொகுதி நூல்களைச் சேர்த்தோம். ஐந்து பாகங்கள் கொண்ட அந்தச் சரித்திர நாவல் எல்லா வீடுகளிலிருந்தும் வருகிறது, எந்த வீட்டிலிருந்தும் முழுதாக வருவதில்லை. எப்போதும் முதல் பாகத்தைத்தான் காணோம். படிக்க ஆசைப்படுகிறவர்கள் இரவல் வாங்குவது அதைத்தானே. இன்று வெவ்வேறு பதிப்புகளை வைத்து ஒரு முழுச் செட்டு தேறியது. அட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, உயரமும் ஒத்துப்போகவில்லை. மதுராந்தகத்தில் ஒரு வாசகசாலைக்காரர் அதைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லி உடனே ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் ஐந்தாம் பாகம் மட்டும் ஒரு தட்டு நிறைய மிஞ்சுகிறது. யார் வீட்டிலாவது இரவல் வாங்கிய முதல் பாகம் இன்னும் திருப்பித் தராமல் கிடந்தால், உரியவரிடம் கொடுக்க வழியில்லை என்றாகிவிட்டால், எங்களிடம் தரலாம்.