விமானத்துக்கு முதல்ல ஒரு கூரை போடுங்க

தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க்கை, அதான் நாங்க ஜோபர்க்னு சொல்றத, ஒட்டி இருக்கற ஜெர்மிஸ்டன் பக்கம் ரேண்ட் ஏர்போர்ட்னு ஒண்ணு இருக்கு. ஜோபர்க்ல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு அது தெரியாது, ஏன்னா ஊருக்குப் போக வர நமக்கு ஓ.ஆர்.டாம்போதான். செஸ்னா மாதிரி குட்டி விமானமும் ஹெலிகாப்டரும் ஏறி இறங்கற அந்த இடத்துல ஒரு ஓரமா ரெண்டு போயிங் 747 நிக்குது, நேர்ல பாத்தாலும் எப்படிடா இங்க வந்துச்சுன்னுதான் தோணும். சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் மியூசியம் சொசைட்டிக்காரங்க வச்சிருக்காங்க, சம்பளம் எதுவும் வாங்காம லீவு நாள்ல வந்து உழைக்கிற கூட்டம்.

எப்படி வந்துச்சுன்னா, பறந்துதான் வந்துச்சு! 2004 மார்ச் 5. லெபோம்போன்னு பேர் வச்ச 747-200, 1971ல சவுத் ஆஃப்ரிக்காவுக்கு வந்த விமானம். ரேண்ட் ரன்வே நீளம் 1,700 மீட்டர் சொச்சம், அகலம் வெறும் 15 மீட்டர். 747க்கு வழக்கமா 45 மீட்டர் அகல ரன்வே வேணும், அதோட உடம்பைத் தாங்கற மெயின் கியர் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற தூரமே 11 மீட்டர், அப்ப ரெண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிச்சம்னு நீங்களே போட்டுப் பாருங்க. இதுல ஏர்போர்ட் கடல் மட்டத்துலேர்ந்து 1,600 மீட்டருக்கு மேல, காத்து லேசு, இறங்கற வேகம் கூடும். எடைய முடிஞ்ச அளவு கொறச்சுத்தான் கொண்டு வந்து இறக்குனாங்க. 2006ல அடுத்தது வந்துச்சு, மலூட்டி, அது 747எஸ்பிங்கற குட்டை மாடல், ரெண்டுமே இனி எங்கயும் போகாது.

நான் கெம்ப்டன் பார்க்ல ஒரு ஹேங்கர்ல, அதாவது விமானம் நிறுத்தற கொட்டகையில, ஷீட் மெட்டல் வேலை பாக்கறேன். ரிவெட் அடிக்கறது, ஸ்கின்னுன்னு சொல்ற மேல்தகடு மாத்தறது, கரோஷன், அதான் உலோக அரிப்பு, அத சுரண்டி எடுத்து அடிப்பூச்சா பிரைமர் அடிக்கறது, இதான் தினமும். அதனால மியூசியத்துக்குப் போனா மத்தவங்க காக்பிட்டுக்கு ஓடுவாங்க, என் கண்ணு மட்டும் வயித்துப் பக்கம் ஸ்கின் ஒட்டற ஜாயின்டுக்குத்தான் போகும். பெயின்ட் சின்ன சின்னதா கொப்புளிச்சிருக்கும், நகத்தால கீறினா உள்ள வெள்ளைப் பொடி. அலுமினியத்துக்கு துரு பிடிக்காதுன்னு சொல்றவங்க இதப் பாக்கணும். விமானத்துக்கு போடற அலுமினியம் சுத்த அலுமினியம் இல்ல, பலத்துக்கு செம்பு, துத்தநாகம் எல்லாம் கலந்தது, அந்த கலப்புதான் தண்ணி பட்டா வினை. ஸ்டீல் போல்ட் பக்கத்துல அலுமினியம் இருந்து நடுவுல ஈரம் நின்னா அலுமினியம்தான் கரையும். கனமான பாகம்னா ஏடு ஏடா உரிஞ்சு வீங்கும், காசால தட்டினா நல்ல இடத்துல டங்குன்னு கேக்கும், கெட்ட இடத்துல பொத்துன்னு செத்த சத்தம் வரும்.

பறக்கற விமானத்துக்கு இது அவ்வளவு பெரிய பிரச்சனை இல்ல, ஏன்னா அத அடிக்கடி யாராவது பாத்துக்கிட்டே இருக்காங்க. நின்னு போன விமானம்தான் சீக்கிரம் சாகுது. எல்லா விமானத்துக்கும் வயித்துல சின்ன சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சேர்ற தண்ணி வடிய. அந்த ஓட்டையில தூசியும் பறவைக் கூட்டுக் குப்பையும் போய் அடைச்சா முடிஞ்சுது கதை, ஒரு மழைக்காலத்துத் தண்ணி முழுசும் உள்ளயே தேங்கி நிக்கும். கூடு கட்டறது யாருன்னு நெனைக்கறீங்க, நம்ம ஊரு மைனாவேதான், இங்க இந்தியன் மைனான்னே சொல்லுவாங்க, ஜோபர்க் பூரா இருக்கு, பொந்து கிடைச்சா விடாது, விமானம் முழுக்க பொந்துதான். எச்சம் வேற, அதுல இருக்கற அமிலம் பெயின்ட்டையும் தின்னும் உலோகத்தையும் தின்னும்.

ஹைவெல்ட், அதான் ஜோபர்க் இருக்கற மேட்டு நிலம், அங்க குளிர்காலம் காய்ஞ்சு கிடக்கும், அது விமானத்துக்கு வரம். டர்பன்ல கடல் காத்துல நிறுத்தியிருந்தா எப்பவோ போயிருக்கும். ஆனா இங்க வெயில் கொடுமை, இவ்வளவு உசரத்துல அல்ட்ரா வயலட் அதிகம், ஜன்னல் பிளாஸ்டிக் நுணுக்கமா வெடிச்சு மங்கிப் போகும், கதவு ஓரத்து ரப்பர் எல்லாம் கல்லாயிடும், அது இறுகிட்டா மழை உள்ள வரும். கோடையில சாயங்காலம் ஆலங்கட்டி மழை. டயர் ஒரே இடத்துல எடைய தாங்கி தட்டையாகும், அதனாலதான் நல்ல மியூசியங்கள்ல ஜாக் மேலயோ ஸ்டாண்டு மேலயோ தூக்கி வச்சிடறாங்க.

நம்ம ஊர்ல தேர் இருக்குல்ல, எவ்வளவு பெரிய மரவேலை, வருஷத்துல ஒரு நாள் ரெண்டு நாள் ஓடும், மத்த நாளெல்லாம் தேரடியில நிக்கும். அது மேல தகரக் கொட்டகை போட்டு மூடியிருப்பாங்க, அழகா இருக்காதுதான், தேரோட அழகே அதுக்குள்ள மறைஞ்சு போகும். ஆனா அந்தக் கொட்டகை இல்லாம ரெண்டு மழைக்காலம் விட்டுப் பாருங்க, சிற்பம் எல்லாம் வெடிச்சு நிக்கும். விமானத்துக்கும் நான் கேக்கறது இதுதான். புது பெயின்ட் அப்புறம், ஒலி ஒளி காட்சி அப்புறம். முதல்ல கூரை.

747க்கு கூரை போட முடியுமான்னு கேப்பீங்க. வால் மட்டுமே 19 மீட்டர் உசரம், இறக்கை அகலம் கிட்டத்தட்ட 60 மீட்டர், அந்த அளவுக்கு ஹேங்கர் கட்ட தன்னார்வலர்கள் கிட்ட எங்க பணம் இருக்கும், அது எனக்கும் புரியுது. அதனால வரிசை வச்சுக்கணும். துணி போர்த்தின விமானமும் மரத்துல செஞ்சதும் மொதல்ல உள்ள போகணும். உலகத்துல ஒண்ணே ஒண்ணு மிச்சம்னு இருக்கறது அடுத்தது. பெரிய ஜெட்டெல்லாம் வெளிய நிக்கட்டும், ஆனா இன்ஜின் வாயை மூடணும், ஜாயின்டெல்லாம் சீல் பண்ணணும், மழைக்கு முன்னாடி ஒவ்வொரு வடிகால் ஓட்டையும் கம்பி விட்டுக் குத்தி சுத்தம் பண்ணணும், வருஷா வருஷம் கழுவணும். பத்து பேர் சேர்ந்து வந்தா முடியற வேலை இது.

கூரை என்ன செய்யும்னு பாக்கணும்னா சாக்ஸன்வோல்ட் போங்க. மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போறவங்க திரும்பி வர்ற வழியில ஒரு எட்டு வச்சாப் போதும், மிருகக்காட்சி சாலைய ஒட்டித்தான் ராணுவ வரலாற்று மியூசியம், 1947ல அப்ப பிரதமரா இருந்த ஸ்மட்ஸ் திறந்து வச்சது. அங்க ஒரு மெஸர்ஷ்மிட் 262 இருக்கு. ஜெர்மன்காரன் ரெண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல களத்துல இறக்கின ஜெட், அதுலயும் இது ரெண்டு பேர் உக்கார்ற இரவுச் சண்டை மாடல், மூக்குல ரேடார் கொம்பெல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கும். சிவப்பு 8னு சொல்லுவாங்க. அந்த மாடல்ல உலகத்துல மிஞ்சியிருக்கறது இது ஒண்ணுதான், அது பெர்லின்லயோ வாஷிங்டன்லயோ இல்ல, நம்ம ஜோபர்க்ல இருக்கு! நான் அது முன்னாடி நின்னா சீக்கிரம் நகர மாட்டேன். பக்கத்துலயே மஸ்கிட்டோன்னு ஒரு பிரிட்டிஷ் போர் விமானம். உடம்பு பூரா மரம், பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவுல பால்ஸா கட்டை வச்சு பசை போட்டு ஒட்டினது. 1944ல இதே வகை விமானம் இந்தியாவுல பர்மா போர்முனைக்காக நின்னப்ப, ஒட்டு விட்டு இறக்கையே உடைஞ்சு விபத்தாகி, நம்ம ஊரு புழுக்கம்தான் காரணமோன்னு சந்தேகப்பட்டு, பறக்க விடாம நிறுத்தி சோதனை பண்ணாங்க. அப்படிப்பட்ட விமானம் எண்பது வருஷம் கழிச்சும் முழுசா நிக்குதுன்னா அது காய்ஞ்ச காத்தும் தலைக்கு மேல கூரையும் செஞ்ச வேலை. ஹாக்கர் ஹார்ட்பீஸ்னு இன்னொண்ணு, அதுவும் உலகத்துல மிஞ்சின ஒரே ஒண்ணு.

பழசப் பளபளன்னு ஆக்கறதும் எனக்குப் பிடிக்காது. பேனலைக் கழட்டினா உள்பக்கம் ஃபேக்டரியில வேலை பாத்தவன் பென்சில்ல எழுதின நம்பர் இருக்கும், இன்ஸ்பெக்டர் குத்தின முத்திரை இருக்கும், மஞ்சளும் பச்சையும் கலந்த அந்தக் கால பிரைமர் இருக்கும். அத சுரண்டிட்டு புது பெயின்ட் அடிச்சா பாக்க அழகுதான், ஆனா எழுதின ஆளு போயிட்டான். அந்த பிரைமர்ல குரோமேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, மாஸ்க் போடாம தேய்ச்சா கேன்சர் வரைக்கும் கொண்டு போகும், ஆர்வத்துல கிரைண்டர் எடுக்கற தம்பிங்க இத மனசுல வச்சுக்கங்க. போர்க்கால மீட்டர்கள்ல இருட்டுல ஒளிர்றதுக்கு ரேடியம் பூசியிருப்பாங்க, கண்ணாடிய திறக்கவே கூடாது. ஆரம்பகால 747ல வால் பக்கம் எடை சமன் பண்ண யுரேனியக் கட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னா என் கூட வேலை பாக்கற பசங்களே நம்பறதில்ல, நெஜம்தான்.

பறக்க விடலாமா வேண்டாமாங்கறதுதான் பெரிய சண்டை. இன்ஜின் சத்தம் கேக்காத விமானம் என்ன விமானம்னு ஒரு கட்சி, எனக்கும் அந்த சத்தம் கேட்டா புல்லரிக்கும்தான். ஆனா நடந்தத பாருங்க. 1994ல தென்னாப்பிரிக்க விமானப்படையோட பழைய ஷாக்கிள்டன் கடல் ரோந்து விமானம், பெலிகன் 16னு பேரு, இங்கிலாந்துல காட்சிக்குப் பறக்கப் போகும்போது சஹாராவுல ராத்திரியில வயித்தால இறங்குச்சு, 19 பேரும் பொழைச்சது புண்ணியம், விமானம் மணல்லயே கிடக்குது. பிரிட்டோரியா ஸ்வார்ட்காப்ல இருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம், பாடுபட்டு பறக்க வச்சது, 2000 ஏப்ரல்ல விழுந்துச்சு. 2018 ஜூலையில வொண்டர்பூம்ல ஒரு பழைய கான்வேர் பயணி விமானம், ஹாலந்துல ஒரு மியூசியத்துக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பறந்து பாக்கலாம்னு கிளம்பி, இன்ஜின் தீப்பிடிச்சு விழுந்து உயிர் போச்சு. அடுத்த மாசமே ஸ்விட்சர்லாந்துல பழைய யுங்கர்ஸ் 52, 20 பேரும் போயிட்டாங்க. காரணம் விமானி ஓட்டின விதம்னு விசாரணையில சொன்னாங்க, ஆனா உடைஞ்ச பாகங்களைப் பாத்தப்ப உள்ள கரோஷனும் விரிசலும் இருந்துச்சு, அத பராமரிப்புல யாரும் கண்டுபிடிக்கல. இந்த ஒரு வரி என் தொழில்காரனுக்குத் தூக்கம் கெடுக்கற வரி.

என் முடிவு இதுதான்: அதே மாடல் பத்து இருபது மிச்சம் இருந்தா ஒண்ணு ரெண்டு பறக்கட்டும், ஏறற ஆளுங்க தெரிஞ்சு ஏறட்டும். ஒண்ணுதான் இருக்குன்னா தரையிலதான்.

இன்னொண்ணும் சொல்லணும், மியூசியத்துல விமானத்துக்குப் பக்கத்துல வைக்கற போர்டுல என்ன எழுதறாங்கன்னு. மலூட்டி ஏன் சாதா 747ஐ விட 14 மீட்டர் குட்டையா இருக்கு? குட்டையாக்கினா எடை கொறையும், ரொம்ப தூரம் போகும். ஏன் அவ்வளவு தூரம் போகணும்? 1963லேர்ந்து ஆப்பிரிக்க நாடுகள் நிறவெறி ஆட்சிய எதிர்த்து இந்த நாட்டு விமானத்துக்கு வானத்த மூடிட்டாங்க, அதனால கண்டத்த சுத்திக் கடல் மேலயே ஐரோப்பாவுக்குப் போனாங்க, நடுவுல அட்லாண்டிக்ல இருக்கற சால் தீவுல எரிபொருள் போட்டாங்க. அந்த குட்டை உடம்புதான் அந்த வரலாறு. குழந்தைங்க "ஏன் இது மட்டும் குண்டா இருக்கு"ன்னு கேட்டா இத சொல்லணும்.

எங்கூட ஒரு தடவை ஜோபர்க் பக்கத்து லெனேசியாவுல இருக்கற பெரியவர் ஒருத்தர் வந்தாரு, பொறந்தது டர்பன்ல, தமிழ் கொஞ்சம்தான், ஆனா என்னோட தமிழ்லதான் பேசுவாரு. மலூட்டி சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "தம்பி, எனக்கும் இந்த வேலை படிக்கணும்னு ஆசை, அப்ப எல்லாம் வெள்ளைக்காரப் பசங்களுக்கு மட்டும்தான்"னாரு. நான் வேற எதுவும் பேசல, கியர் எப்படி மடங்கும்னு ஒவ்வொரு பாகமா காட்டினேன், "தாத்தா இத பாருங்க, இதுதான் லாக்"னு. கேள்வி மேல கேள்வி, எல்லாம் சரியான கேள்வி.

ஜோபர்க், பிரிட்டோரியா பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு சொல்றேன், ரேண்டுக்கும் சாக்ஸன்வோல்டுக்கும் புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு போன் பண்ணி கேட்டுக்கங்க. டிக்கெட் காசு அந்த மியூசியங்களுக்கு ஒத்தாசையா இருக்கும். மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் யாராவது இத படிச்சா மாசத்துல ஒரு சனிக்கிழமை குடுக்க முடியுமான்னு யோசிங்க, கை தெரிஞ்ச ஆளு வேணும்னுதான் எல்லா இடத்துலயும் கேக்கறாங்க. எதுவும் தெரியாதுன்னாலும் பரவாயில்ல, மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி, செப்டம்பர்லயே, அந்த ஓட்டைகளை குத்திவிட ஒரு கம்பியும் ஒரு டார்ச்சும் பிடிக்கத் தெரிஞ்சா போதும்.