எந்த ஆல்டர்சன்?

இங்கிலாந்தில் யாரும் யாருடைய குடும்பத்தைப் பற்றியும் விசாரிக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்தார்கள். லண்டனுக்கு அது பொருந்தலாம். வடக்கு யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், ஒருவர் தன் குடும்பப் பெயர் ஆல்டர்சன் என்று சொன்ன மறுகணமே, "எந்த ஆல்டர்சன்? கெல்டா, மியூக்கரா?" என்கிறார்கள். கெல்ட், மியூக்கர், கன்னர்சைடு எல்லாம் இங்குள்ள சிற்றூர்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவளுக்கு இந்த ஊர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை. அவருடைய தாய்வழி ஆல்டர்சன் குடும்பம். பார்வை மங்கிவிட்டதால், தன் முன்னோரைத் தேடப் பழைய பதிவேட்டு நகல்களைப் படித்துச் சொல்ல என்னைப் பிடித்துக்கொண்டார். தாத்தா வீட்டு நிலப் பத்திரங்களைப் படித்துப் பழகியவள் நான். கிறுக்கல் எனக்குப் புதிதல்ல.

1837 ஜூலையில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது. அதுவரை பின்னோக்கிப் போவதில் பெரிய சிரமமில்லை. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் சோதிக்கும்: பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள், பிறந்த ஊரும் கிடையாது. 1851இல்தான் ஊரைக் கேட்டு எழுதினார்கள். அதுவரை உயிரோடிருந்த ஒரு கிழவர் நமக்குப் புதையல்.

அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகளே கதி. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட உத்தரவில் தொடங்கிய வழக்கம் அது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கு மட்டும் உரியதல்ல என்பது அங்கே தெரிந்தது. ஒரே தலைமுறையில் மூன்று ஜான் ஆல்டர்சன்கள்! 1813க்குப் பிறகு அச்சடித்த படிவத்தில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் இருப்பதால் பிரித்தறிய முடிகிறது. அதற்கு முன் ஊகம்தான். ஊகத்தை உறவாக எழுதிவிடக் கூடாது என்பதில் அந்த அம்மா கறார்.

ஒரு மாலை அவர் முகம் சுருங்கிப்போனது. மே மாதத்தில் திருமணம். அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பாட்டிக்காக அவர் வெட்கப்பட்டார். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி என்று படித்துக் காட்டினேன். அப்படியானால் அந்தப் பிப்ரவரி, மே மாதத்துக்கு ஒன்பது மாதம் பின்னால் வருகிறது. கொள்ளுப்பாட்டிகளின் மானம் காப்பாற்றப்பட்டதற்கு எனக்கு ஒரு தேநீர் கூடுதலாகக் கிடைத்தது.

படிக்கப் படிக்கத் தெரிந்த இன்னொன்று, இங்கே தங்கியவர்களைவிட வெளியேறியவர்களே அதிகம் என்பது. மலையில் ஈயம் வெட்டிப் பிழைத்த பள்ளத்தாக்கு இது. ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்து விலை சரிய, 1880களில் சுரங்கங்கள் நொடித்தன. சிலர் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், சிலர் பர்ன்லியின் பஞ்சாலைகளுக்கும் போனார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவின் அயோவாவில் இருக்கும் டபியூக் ஈயச் சுரங்கங்களுக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. இந்த அம்மாவின் கிளையிலும் அப்படிப் போன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். "ஊரை விட்டுப் போனவர்கள்" என்று அவர் சொல்லும் தொனியைக் கேட்டால், போன வாரம்தான் கிளம்பினார்களோ என்று தோன்றும். சொல்லிக்கொண்டிருப்பது யாரிடம் என்பது அவருக்கு நினைவிருப்பதில்லை. நானும் நினைவூட்டுவதில்லை.

இப்போது தேடுவது ஒரு பெண் குழந்தையை. தேவாலயப் பதிவேட்டில் அவள் இல்லை. சுரங்கக் குடும்பங்களில் பல, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தவை. அவர்களுடைய ஞானஸ்நானக் கணக்கு தனி ஏட்டில் இருக்கும். நார்தலர்ட்டன் ஆவணக் காப்பகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன். அங்கே பேனா கூடாது, பென்சில் மட்டுமே. அம்மாவின் கட்டளை வேறு: "கெல்ட்காரர்களிடம் நேரத்தை வீணாக்காதே. கன்னர்சைடு ஆட்களை மட்டும் பார்."