73 லட்சம் என்றது தளம், போனது 51-க்கு

அப்பாவின் ப்ளாட்டை விற்றுப் பத்திரம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுமா பார்க்கலாம்.

மடிப்பாக்கத்தில் 1998-இல் வாங்கியது. இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, யூ.டி.எஸ். (கட்டடம் நிற்கும் நிலத்தில் எங்கள் பங்கு) 410 சதுர அடி. எனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. அக்கா இருப்பது நியூஜெர்சியில். தனக்காக நான் விற்கலாம் என்று பவர் பத்திரம் எழுதி அனுப்பிவிட்டாள், அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் விலையில்தான்.

2024 ஜனவரியில் ஒரு சொத்துத் தளத்தில் "உங்கள் வீட்டின் மதிப்பு என்ன?" என்ற பெட்டியைப் பார்த்தேன். ஏரியா, எத்தனை சதுர அடி, எத்தனை பெட்ரூம், எத்தனை வயது, பார்க்கிங் உண்டா என்று நாலைந்து கேள்வி. நிரப்பிய நொடியில் 73.4 லட்சம் என்று பச்சை நிறத்தில் வந்தது. நான் செய்த முதல் முட்டாள்தனம், அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பியது.

மார்ச்சில் தெருக்கோடி புரோக்கர் அண்ணன் வீடு வாங்க ஒருவரைக் கூட்டிவந்தார். 55 லட்சம், ஒரு மாதத்தில் பத்திரம், பாதிக்கு மேல் கையில் ரொக்கம் இருக்கிறது என்றார்கள். "டேய், சைட்டிலேயே 73 போட்டிருக்கான், நீ எதுக்கு 55-க்குக் கொடுக்கணும்?" என்றாள் அக்கா. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. "சார், அந்த சைட்டு வாங்குமா வீட்ட?" என்று புரோக்கர் கேட்டார். அன்றைக்கு அது திமிராகத் தெரிந்தது.

72 லட்சம் என்று நானே விளம்பரம் போட்டேன். ஏப்ரல், மே, ஜூன் போயின. பார்க்க வந்தவர்கள் படியேறி மூச்சு வாங்கினார்கள், தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். ஜூலையில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் வீட்டுக்கு 70 கேட்பதாகச் சொன்னார். எதை வைத்துக் கேட்கிறீர்கள் என்றேன். "சைட்டுல பாருங்க, உங்க தெருவுலயே 72 போயிட்டிருக்கு!" அந்த 72 என்னுடைய விளம்பரம்!

அப்போதுதான் உறைத்தது. இங்கே இந்தத் தளங்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் கேட்கிற விலை. விற்ற விலை அல்ல. நான் அவரைப் பார்த்துக் கேட்கிறேன், அவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார், தளம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சராசரி போடுகிறது. பத்திரத்தைப் பார்த்தால் தெரியாதா என்றால், அதுவும் தெரியாது. பதிவுத்துறை இணையதளத்தில் எங்கள் சர்வே நம்பருக்கு வில்லங்கம் (அந்த இடத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். காசு கிடையாது, யாரும் பார்க்கலாம். எங்கள் கட்டடத்திலேயே முதல் மாடி வீடு கைமாறியது வந்தது. 'கைமாற்றுத் தொகை' என்ற இடத்தில் இருந்த எண், பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி நின்றது. உண்மையில் எவ்வளவு கைமாறியது என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், பத்திரத்துக்குத்தான் தெரியாது. ஆனாலும் விற்கிறவர்கள் அந்த வில்லங்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் எப்போது விற்றார்கள் என்று தெரிந்தால் அவர்களிடமே போய்க் கேட்கலாம். நான் பிப்ரவரியிலேயே மாடி இறங்கிப் போய்க் கேட்டிருக்க வேண்டியது.

இன்னொரு கோளாறு என் கையால் நடந்தது. தளத்தில் 1,020 சதுர அடி என்று போட்டிருந்தேன். பில்டர் அன்றைக்குக் கொடுத்த நோட்டீஸில் இருந்த எண் அது. மாடிப்படி, வராந்தா எல்லாம் சேர்த்தது. பத்திரத்தில் 850-தான். திருத்திப் போட்டதும் 61.2 லட்சத்துக்கு இறங்கியது. பன்னிரண்டு லட்சம் ஒரே தட்டில் போச்சு.

அக்காவைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. அவள் ஊரில் வீடு எவ்வளவுக்கு விற்றது என்பது அரசுப் பதிவேட்டில் பகிரங்கமாக இருக்கும், அதனால் ஸில்லோ என்ற அந்த ஊர்ச் சொத்துத் தளம் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அந்த ஸில்லோவே விற்பனைக்கு வராத வீடுகளுக்குச் சுமார் 7 சதவீதம் பிசகுவதாக ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அசையவில்லை. 2016-இல் ஸில்லோவின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் சியாட்டிலில் தன் சொந்த வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். மறுநாள் அவருடைய தளமே அந்த வீட்டுக்குக் காட்டிய மதிப்பு 17.5 லட்சம் டாலர். அந்தச் செய்தியை அனுப்பிய பிறகுதான் "சரி, நீ பார்த்துச் செய்" என்றாள்.

செப்டம்பரில் 53-க்குப் பேசி முடித்தோம். வாங்குபவருக்கு வங்கிக் கடன். வங்கி அனுப்பிய வேல்யூவர் இருபது நிமிடம்தான் இருந்தார். லேசர் மீட்டரில் அளந்தார். பெட்ரூமின் வடக்குச் சுவரைப் பைக் சாவியால் தட்டினார், பெயின்ட் பொருக்காக உதிர்ந்தது. கீழே இறங்கியதும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேராகத் தரைத்தள மாமியிடம் போய், "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்மா?" என்றார். மாமி ஈ.பி. மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே இருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அந்தக் கோடு எந்தத் தளத்தின் கேள்விப் பட்டியலிலும் இல்லை. மெட்ரோ வருகிறது என்பது மட்டும் தளங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தது தெரியாது.

அவர் கணக்கு இப்படி: நிலம் 410 அடி, அடிக்கு 9,000, ஆக 36.9 லட்சம். கட்டடம் அடிக்கு 2,200 வீதம் 18.7 லட்சம், 26 வயதுக்கு 40 சதவீதம் கழிவு, மிச்சம் 11.22. மொத்தம் 48 லட்சம் சொச்சம். அதில் 80 சதவீதம்தான் கடன், 53-இல் அல்ல. வாங்குபவருக்கு ஏறக்குறைய 4 லட்சம் துண்டு விழுந்தது. பேசிப் பேசி 51-இல் நின்றது. பழைய ப்ளாட் என்றால் விலையில் பெரும்பங்கு யூ.டி.எஸ்.-இல்தான் இருக்கிறது. என்னிடம் மதிப்புச் சொன்ன தளம் அதைக் கேட்கவே இல்லை.

இதற்கு நடுவே வங்கியில் அப்ரூவ்டு பிளான் (ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம்) கேட்டார்கள். அப்பாவின் பைலில் 1998-இன் செங்கல் பில்கூட இருக்கிறது, பிளான் இல்லை. பில்டர் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஓர் அலுவலகத்துக்குப் போனேன், செக்‌ஷன்காரர் பயிற்சிக்குப் போயிருந்தார். மறுபடி போனேன். "இது 2011-க்கு முன்னால ஊராட்சிங்க, அந்த பைலு இங்க வரல" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அதை முதல் நாளே வாசலில் எழுதி ஒட்டியிருக்கலாம். கடைசியில் கொடுத்தது யார்? தரைத்தள மாமி. காலண்டர் குழலுக்குள் சுருட்டி வைத்திருந்த நகல், மடிப்பில் மட்டும் கிழிசல். வங்கி ஏற்றுக்கொண்டது. ப்ளாட்டில் இருப்பவர்கள் விற்கிறார்களோ இல்லையோ, இன்றைக்கே பிளானைத் தேடி எடுத்து ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

பதிவு அரை நாளில் முடிந்தது. டோக்கன் வாங்கி, கைரேகை வைத்து, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வாங்கியவரின் மகன் போனை நீட்டினான். அதே தளம், அதே பச்சை நிறம். 1,020 அடி என்று அவனும் போட்டிருந்தான் போல, 75 லட்சம் காட்டியது. "நல்ல விலைக்குத்தான் கிடைச்சிருக்கு, இல்ல சார்?" என்றார் அவன் அப்பா. ஆமாம் என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன்.