பேச்சு டீச்சரின் நாட்குறிப்பு: ரசம், பரோட்டா, வல்லினம்

ஜூன் 3, செவ்வாய்

பாளையங்கோட்டையில் புது வீடு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், வயது 63. பக்கவாதம் வந்து ஒரு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியே உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப்.

என்ன கேட்டாலும் "அதான், அதான்" என்கிறார். கோபத்துக்கும் அதான், தலைவலிக்கும் அதான். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளியின் வாயில் "டான்" என்ற ஒற்றை ஒலிதான் வந்ததாம். மூளையின் இடது முன்பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை உலகம் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நம் ஊர் டானுக்கு "அதான்".

வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புத்தி பேதலிச்சிருச்சோ டீச்சர்?" என்று கேட்டார். இல்லை. ஜன்னலைக் காட்டுங்கள் என்றால் காட்டுகிறார். தப்பான ஊர்ப் பெயரைச் சொன்னால் முறைக்கிறார். கேட்பது பெரும்பாலும் புரிகிறது, சொல்வதற்குத்தான் வழி அடைத்திருக்கிறது. இதை அவர் காதுபடவே சொன்னேன். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவதை இந்த வீட்டில் முதலில் நிறுத்த வேண்டும்.

ஜங்ஷனிலிருந்து பாளைக்கு ஸ்டாப் சொல்லுங்கள் என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். "வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி..." கடகடவென்று வந்தது. அந்த அம்மா அழுதுவிட்டார். பழகித் தேய்ந்த வரிசைகள் (எண்கள், கிழமைகள், வாய்ப்பாடு, ஏன், கெட்ட வார்த்தைகூட) இப்படித் தப்பிப் பிழைத்துவிடும். ஆனால் முருகன்குறிச்சியை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் "அதான்". வரிசையிலிருந்து ஒன்றை உருவி எடுப்பதில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது.

கிளம்பும்போது காபி வந்தது, எனக்கொன்று, அவருக்கொன்று. டியூப் இருக்கும்போதே வாய்வழி காபியா என்றேன். "ரெண்டு மடக்கு தான் டீச்சர், வாய்ல ருசி வேணும்லா? சில நேரம் புரை ஏறும். மவன் நினைக்கான்னு தலையில தட்டிருவேன்."

மகன் துபாயில்.

ஜூன் 5, வியாழன்

என்னைப் பேச்சு டீச்சர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். விழுங்குவதும் என் பாடத்தில் உண்டு என்றால் நம்புவதில்லை. "பேச்சு டீச்சருக்கு ரசத்துல என்ன சோலி?" என்று கண்டக்டரின் தங்கச்சி நேரடியாகவே கேட்டுவிட்டார்.

கேட்டது நல்லதுதான். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை எல்லாம் ஒன்றே. ஒவ்வொரு விழுங்கலின்போதும் குரல்வளை மேலேறி, மூச்சுக்குழாயின் வாசல் மூடி, உணவு பின்பக்கக் குழாய்க்குப் போக வேண்டும். ஒரு நொடிக்குள் முடியும் காரியம். பக்கவாதத்தில் அந்த நேரம் பிசகும். வாசல் மூடுவதற்குள் தண்ணீர் வந்துவிடும், கெட்டியான உணவைவிட முதலில். புரை ஏறினாலாவது தெரியும். இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குகிறதே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து "ஆ" சொல்லச் சொன்னேன். குரலில் கொளகொளவென்று ஈரம். இருமவே இல்லை.

காபி நிறுத்தம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம், மூக்கு வழியே கேமரா விட்டு விழுங்கலைப் பார்க்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். கூடவே, தினம் இரண்டு வேளை பல் விளக்கி வாயைத் துடைக்கச் சொன்னேன். "வாய் வழியா சாப்பிடவே இல்லியே, எதுக்கு?" உள்ளே இறங்கும் எச்சிலோடு வாயிலிருக்கும் கிருமியும் போகும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. "சாஃப்ட் டயட்" என்று மட்டும் இருந்தது. டியூப் போட்டவருக்கு சாஃப்ட் டயட்!

ஜூன் 9, திங்கள்

இரண்டு வயது எட்டு மாதப் பையன். ஒரு வார்த்தை இல்லை. ஆச்சி ஒரு பட்டியலோடு வந்திருந்தார்: நாக்கில் வசம்பு தேய்த்தாயிற்று, கோயிலில் மணி கட்டியாயிற்று, "அவன் அப்பன் நாலு வயசுலதான் வாய் தொறந்தான்" என்பதும் சொல்லியாயிற்று. அம்மா வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் குற்றவாளி யார் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது போலிருக்கிறது: வேலைக்குப் போகிறவள், செல்போனைக் கையில் கொடுத்தவள்.

இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்பதில் எவ்வளவு உண்மை இருந்தாலும் இந்த அளவு தாமதத்தை அது மூடாது. பையன் என் கண்ணைப் பார்க்கிறான், விரல் நீட்டி பந்தைக் கேட்கிறான். முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கதவை அறைந்தால் திரும்புகிறான். அது தரையின் அதிர்வாகவும் இருக்கலாம். பேச்சைத் தொடுவதற்கு முன் காது. கேட்கும் திறனைச் சோதிக்கும் பேரா டெஸ்ட்டுக்கு அனுப்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேமரா சோதனை முடிந்தது. கண்டக்டருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. கெட்டியாக இருந்தால், மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தாழ்த்தி விழுங்கினால், போகவில்லை. டாக்டர் சிறிதளவில் வாய்வழி ஆரம்பிக்கச் சம்மதித்தார். டியூப் இப்போதைக்கு இருக்கும்.

ஆக, இன்று வகுப்பு அடுப்படியில்.

எவ்வளவு கெட்டி என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லாமலிருக்க, உலக அளவில் 0 முதல் 7 வரை படிநிலைகள் இருக்கின்றன. அளக்கத் தேவை 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றுதான். ஊசி வேண்டாம். எல்லா சிரிஞ்சும் ஒரே நீளமில்லை, 0 கோட்டிலிருந்து 10 வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நுனியை விரலால் அடைத்து நிரப்பி, பத்து நொடி திறந்துவிட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் முழுக்க ஓடிவிடும். 1 முதல் 4 மில்லி வரை நின்றால் முதல் படி, 4 முதல் 8 வரை இரண்டாம் படி, 8-க்கு மேல் நின்றால் மூன்று. சொட்டே விழாவிட்டால் நான்கு.

ரசம் முழுக்க ஓடிற்று. சொதி கொஞ்சம் நின்றது. கேழ்வரகுக் கூழ் மூன்றாம் படியில் அழகாக நின்றது. அந்த அம்மாவுக்கு இது பிடித்துப்போய் மோர், பருப்புத் தண்ணி, சத்துமாவுக் கஞ்சி என்று வரிசையாக ஊற்றிப் பார்த்தார். உளுந்தங்களியைக் கொண்டுவந்தபோது தடுத்தேன். கெட்டி சரி, ஆனால் கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும். களி ஒட்டிக்கொண்டே நிற்கிறது, தொண்டையிலும் அப்படித்தான் நிற்கும். ரசம் சாதம் இன்னும் மோசம்: பருக்கையை மெல்லும்போதே ரசம் தனியாகப் பிரிந்து முன்னால் ஓடிவிடும். குழைய வடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்து நோயாளிக்கு நம் ஊரில் முதலில் கொடுப்பது அதைத்தான்.

எச்சில் கரண்டியைத் திரும்பப் போட்டால் கஞ்சி நீர்த்துப்போகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். கெட்டியாகக் கொடுத்ததை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தால் தொண்டைக்கு வரும்போது கெட்டி இருக்காது. கெட்டியாக்குவதற்கென்று மருந்துக்கடையில் விற்கும் சாந்தன் கம் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலையும் அதிகம், இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. எனவே கூழ், சின்ன ஸ்பூன், இரண்டு கிண்ணம் (எச்சில் ஸ்பூன் மொத்தக் கூழில் படாமலிருக்க), டிவி அணைப்பு, நேராக உட்காருதல், சாப்பிட்டபின் அரைமணி படுக்கக் கூடாது. கெட்டியாக்குவதையும் சர்வரோகநிவாரணி என்று நான் நினைக்கவில்லை. கெட்டித் தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை, உடம்பில் நீர் வற்றிவிடும். இப்போதைக்கு டியூப் வழியே தண்ணீர் போவதால் சமாளிக்கலாம்.

முதல் ஸ்பூன் கூழுக்கு அவர் சொன்னது: "அதான்!"

ஜூன் 20, வெள்ளி

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், திக்குவாய். ப-வில் சிக்கும். பரோட்டா கேட்கத் திக்கும் என்று ஹோட்டலில் எப்போதும் தோசை கேட்டுச் சாப்பிடுகிறான். திருநெல்வேலியில் பிறந்து இந்தத் தண்டனை! வார்த்தையை மாற்றி மாற்றியே வாழப் பழகியிருக்கிறான். மாற்ற முடியாதது தன் பெயர் ஒன்று. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அங்கேதான் நிற்கிறான். குழந்தையில் திக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகப் போய்விடும், பெரியவர்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்குப் போகாமல் தங்கிவிடும். பயத்தால் வருவதல்ல, திக்குவதால் பயம் வருகிறது. "மெதுவாப் பேசுலே" என்று அவன் மாமா என் அறையிலேயே மூன்று முறை சொன்னார். அவரை வெளியே உட்கார வைத்தேன்.

வீட்டுப்பாடம்: திக்கினாலும் பரவாயில்லை, பரோட்டா.

ஜூலை 1, செவ்வாய்

அண்ணப் பிளவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த ஐந்து வயதுப் பெண். "அம்மா" கணீரென்று வருகிறது. "அப்பா" என்றாலும் "அம்மா" என்றே கேட்கிறது. அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், முகம் சிரிக்கவில்லை.

மெல்லினத்துக்கு மூக்கு வழியே காற்று போகும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. வல்லினத்துக்கு மூக்கை அடைத்து, வாய்க்குள் காற்றைத் தேக்கி, வெடிக்க விட வேண்டும். மெல்லண்ணம் (அண்ணத்தின் பின்பகுதி) சரியாக மூடாத பிள்ளைக்குக் காற்று மேலே கசிந்து ப எல்லாம் ம ஆகிவிடும். மூக்கின் கீழே சின்னக் கண்ணாடி வைத்து "பாப்பா" சொல்லச் சொன்னேன், ஆவி படிந்தது. க-வை நாக்கால் ஒலிக்காமல் தொண்டையை அடைத்து ஒலிக்கிறாள். இந்தப் பழக்கம் கத்தியால் போகாது, பயிற்சியால்தான் போகும். கசிவு எவ்வளவு என்று அறுவை மருத்துவரும் திரும்பப் பார்க்க வேண்டும்.

யாரோ பலூன் ஊதச் சொல்லி இந்தப் பிள்ளை மாதக்கணக்கில் ஊதியிருக்கிறாள். பலூன் ஊதினால் பலூன் ஊத வரும். ப வர, ப-வைத்தான் சொல்லிப் பழக வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை.

பார்க்கின்சன் தாத்தா வீட்டிலிருந்து போன். "தேர் பாக்கப் போறோம், இன்னைக்கு லீவு" என்று அவரே சொன்னார். போனில் அவர் குரல் கேட்டது, அதுவே பெரிய விஷயம். அவர் குரல் தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியாது, ஆச்சிக்குக் காது மந்தம் என்று இரண்டு வருடமாகச் சண்டை. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், சத்தமாகப் பேசு என்ற ஒன்றையே குறியாக வைத்துப் பயிற்சி. தன் காதுக்குக் கத்துவதுபோல் கேட்பதுதான் மற்றவருக்குச் சாதாரணக் குரல் என்று அவர் நம்புவதற்கே பாதிக் காலம் போனது.

ஜூலை 15, செவ்வாய்

பேரா ரிசல்ட். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. ஆச்சி "வசம்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்போ செல்போன்னால இல்லியா?" இல்லை தாயி, உன்னால் இல்லை.

முதலில் காது மெஷின். அதில் பலன் போதாவிட்டால் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்ய வழியிருக்கிறது, ஆனால் ஆறு வரை நேரமிருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்கும் பாதை மூளையில் உருவாகும் வயது இது. பிறந்தவுடனே ஆஸ்பத்திரியில் ஒரு சில நிமிடச் சோதனையில் சந்தேகம் தட்டியிருக்கும். எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

கண்டக்டருக்கு டியூப் எடுத்தாயிற்று. வரிசையை மனதுக்குள் ஓட்டி, வேண்டிய ஸ்டாப்பில் மட்டும் வாய் திறக்கப் பழகுகிறார். "முருகன்" வரை வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

பையனுக்கு மெஷின் மாட்டியாயிற்று. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்: இந்த ஆறு ஒலியும் கேட்டால் பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை கேட்கிறது என்று அர்த்தம். வாயைக் கையால் மறைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆ, ஊ-வுக்கு டப்பாவில் கட்டையைப் போட்டான். ம் சந்தேகம். ஷ், ஸ் இல்லவே இல்லை. காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் நகல்களை ஆச்சியே எடுத்து வந்திருந்தார். தினம் காலையில் மெஷின் மாட்டியதும் இந்த ஆறையும் சொல்லிப் பார்ப்பது தன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார். ஷ் சொல்ல அவருக்குப் பல் இல்லை. அதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

இரவு எட்டு மணிக்குக் கண்டக்டர் வீட்டம்மா போன். நாளை மறுநாள் ஆடி அமாவாசை. படையலில் அவருக்கு என்ன கொடுக்கலாம்? வடை வேண்டாம். சேமியா பாயசம் வேண்டாம், பால் தனி சேமியா தனியாகப் பிரியும். பாசிப்பருப்புப் பாயசம் சரி, நன்றாக மசித்து, சிரிஞ்சில் 8-க்கு மேல் நிற்கிற மாதிரி.

"முந்திரி, திராட்சை?"

போடுங்கள், ஆனால் அவருக்கு எடுத்துவைத்த பிறகு.