நேராகவே கேளுங்கள்

வீடு தேடிப் போகும் மனநலப் பணியாளர்கள் பலரும் தயங்கும் கேள்வி, "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்தாரா, முன்பு முயன்றாரா என்றும் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் பதில் வராது, தனியாகக் கேளுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து விவசாய வீடுகளில் அடுத்த கவலை பூச்சிமருந்து. அடித்தது போக மிச்சம் கட்டிலடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடக்கும். பூட்டினால் மட்டும் போதாது, சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டப்பாவை வீட்டைவிட்டே அகற்றச் சொல்லுங்கள். சாகத் தோன்றும் வேகம் பல நேரம் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும்; அதுவரை கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பும்.

சாகமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. மனம் கெடத் தொடங்கும் அறிகுறிகள், கூப்பிட இரண்டு பேர், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றை அவரே ஒரு தாளில் எழுதட்டும். திட்டமும் பொருளும் கையில் இருந்தால் தனியே விடாமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸாகும் என்று குடும்பம் மறைக்கப் பார்க்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்கிறது, அதனால் தண்டனை கிடையாது என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரம்தான் மிகவும் ஆபத்தானது. அந்த வாரத்திலேயே மறுபடி போய்ப் பாருங்கள்.